துண்டும் பூவும்

ஆபரணங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனையிலிருந்தே தொடங்குகின்றனர். கண்டி மன்னனின் மணிமுடியும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் எண்ணி நிறுத்துச் சொல்லும் முத்தும் மாணிக்கமும் அவர்களுடைய கண்களை நிறைத்துவிடுகின்றன. அவற்றைச் செய்த கைகளுக்கும், அவற்றை ஒருநாளும் அணிய முடியாத கழுத்துகளுக்கும் அவ்வரலாற்றில் இடமில்லை. உழைக்கும் பெண்ணுக்கும் அழகுணர்ச்சி உண்டு, அந்த உணர்ச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு என்ற எண்ணமே பலருக்கும் புதுமையாகத் தோன்றுகிறது.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் ஆபரணம் மிகச் சிறியது. சட்டையும் பாவாடையும் தைத்து எஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு ஊசியும் நூலும் மட்டுமே துணையாகக் கையால் செய்யப்படும் பூ. கூந்தலில் செருகினால் அது தலைப்பூ. ஊக்கில் கோத்தால் மார்புப்பூ. கயிற்றில் தொடுத்தால் மாலை. கம்பியில் கட்டினால் தோடு. இதனை விரும்பிச் செய்வோர் உலகெங்கும் உள்ளனர். எனினும் இலங்கையின் மத்திய மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் போன்றதொரு தேயிலைப் பிரதேசத்தில் நின்று இதனை நோக்கினால், பொழுதுபோக்குக் கலையாகத் தோன்றும் இப்பூவுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட சமூக வரலாறு மடிந்து கிடப்பதைக் காணலாம்.

மலையகத் தமிழரின் வரலாற்றில் 'துண்டு' என்ற சொல்லை நாம் மூன்று முறை சந்திக்கின்றோம். முதலாவது, தொழிலாளியைக் கடனோடு பிணைத்த காகிதத் துண்டு. இரண்டாவது, அவன் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு. மூன்றாவது, அவனுடைய பேத்தி வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் வெட்டி எறியப்படும் துணித் துண்டு. முழுமை எங்கோ போய்விடுகிறது. துண்டு மட்டும் உழைப்பவனிடம் தங்குகிறது. அந்தத் துண்டைக் கொண்டு ஒரு பூச் செய்ய முற்படும் பெண்ணின் செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அதுவே இக்கட்டுரையின் கேள்வி.

பூச்செய்யும் கை

முதலில் அந்தக் கையின் திறமையை அறிந்துகொள்வோம். உழைப்பை அறியாமல் உழைப்பாளியைப் பற்றிப் பேசுவது வெறும் அனுதாபமாகவே முடியும்.

ஒரு குவளையின் வாயைத் துணிமேல் கவிழ்த்துக் கோடிட்டு, ஐந்து வட்டங்கள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு வட்டமும் இரண்டாக மடிக்கப்படுகிறது. மடிந்த துண்டின் வளைந்த ஓரத்தில் நூலோட்டி, நூலை இழுத்துச் சுருக்கினால் ஓர் இதழ் எழுகிறது. நூலை அறுக்காமலே அடுத்த இதழையும் அதில் கோக்க வேண்டும். ஐந்து இதழ்களும் கோத்தபின் முதலையும் முடிவையும் சேர்த்து முடிச்சிட்டால் பூ முகம் காட்டுகிறது. நடுவில் தெரியும் துவாரத்தை ஒரு பழைய பொத்தானோ மணியோ மறைக்கிறது. பின்புறத்தில் தடித்த துணி வில்லையொன்றை வைத்துத் தைத்து, அதில் ஊக்கையோ கூந்தல் கிளிப்பையோ பொருத்தினால் வேலை முடிந்தது.

இவ்வளவுதானே என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம் உண்டு. செயற்கை இழைத் துணியின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே காட்டினால் அது உருகிச் சுருண்டு, மெய்யான இதழின் விளிம்பைப் போல் வளைகிறது. ஒரு கணம் தாமதித்தால் கருகிவிடுகிறது. பருத்தித் துணியைச் சுடரிடம் காட்டவே கூடாது. அதற்குக் கஞ்சிதான் விறைப்பைத் தரும். நெய்த துணியை நேராகக் கிழித்தால் ஓரம் பிரிந்து நூல் உதிரும். குறுக்குச் சாய்வாக வெட்டினால் உதிர்வது குறையும். சாய்வாக வெட்டிய நீண்ட பட்டையைச் சுருட்டிச் சுருட்டித் தைத்தால் ரோசா மலர்கிறது. பனியன் துணியின் பட்டையை இழுத்தால் அது தானே சுருண்டு கயிறாகிறது. மாலைக்குக் கயிறு வாங்க வேண்டியதில்லை. எந்தத் துண்டு எதற்கு ஆகும் என்று விரலால் தடவிப் பார்த்தே அறிகின்ற இந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுத்துப் பாராட்டுவதில்லை. ஆயினும் அது அறிவுதான்.

யப்பானில் எடோ காலத்திலேயே பட்டுத் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி, கிள்ளி மடித்து, கூந்தற் பூக்கள் செய்யும் கலை வளர்ந்தது. அங்கே அது பாரம்பரியக் கைவினையாகப் போற்றப்படுகிறது. ஏறக்குறைய அதே நுட்பத்தை ஒரு லயத்துப் பெண் தன் இஸ்தோப்பிலமர்ந்து செய்யும்போது மட்டும் அது 'மிச்சத் துணியில் ஒரு விளையாட்டு' ஆகிவிடுகிறது. செய்பொருளின் மதிப்பைச் செய்பவரின் சமூக நிலை தீர்மானிக்கின்ற விந்தை இது.

பூச்சூடும் உரிமை

பூவைச் சூடுவது இயல்பான செயல், அதற்கும் உரிமைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தமிழகத்தின் அண்மைக்கால வரலாறே அதற்கு விடை கூறும்.

1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டின் இந்தியக் குடிக்கணக்குக்கு ஆணையராயிருந்த ஜே. எச். ஹட்டன் என்ற மானிடவியல் அறிஞர் பின்னர் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் அத்தடைகளை வரிசையாகப் பதிவு செய்துள்ளார். ஆதி திராவிடர் பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆண்கள் சட்டையோ பனியனோ இடலாகாது. மண்பாண்டங்களைத் தவிர வேறு பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது. பெண்கள் மேலுடம்பை இரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கலாகாது. குடையும் செருப்பும் கூடாது. அப்பட்டியலில் இன்னுமொரு தடையும் உண்டு: அவர்களுடைய பெண்கள் பூச்சூடலாகாது, மஞ்சள் பூசலாகாது.

கொடியில் தானாகப் பூக்கும் பூவைக்கூடத் தடைசெய்ய வேண்டிய தேவை ஏன் எழுந்தது? பூவின் விலைக்காகவா? அன்று. பூச்சூடிய பெண் தலைநிமிர்ந்து நடப்பாள் என்பதற்காகவே. நிலத்தையும் கூலியையும் பறித்தவர்களுக்கு அவை மட்டும் போதவில்லை. தன்னை அழகாகக் கருதிக்கொள்ளும் மனத்தையும் பறித்தால்தான் அடிமைத்தனம் முழுமையடையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆபரணத்தை மறுப்பது ஒரு வழி என்றால், இழிவான ஆபரணத்தைத் திணிப்பது இன்னொரு வழி. கேரளத்துப் புலையர் பெண்கள் சாதி அடையாளமாகக் கல்மாலைகளை அணிந்தேயாக வேண்டும் என்ற கட்டு நிலவியது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அக்கட்டை மீறிப் போராட்டம் வெடித்தது. அய்யங்காளியின் தலைமையில் பெண்கள் தம் கழுத்துக் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அதற்கும் முன்பு, தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடியதன் விளைவாக 1859இல் அரசு பிரகடனம் வெளியிட நேர்ந்தது. துணியும் மணியும் பூவும் எப்பொழுதுமே அரசியலாக இருந்து வந்துள்ளன. வரலாற்றாசிரியர்தாம் அதனைக் காணத் தவறினர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இத்தகைய கிராமங்களிலிருந்தே போயினர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. அவர்களுள் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபமே பின்னாளில் அவர்கள் கடல் கடக்கும் வாயிலாகவும் அமைந்தது. பூச்சூடும் உரிமையற்ற ஊரிலிருந்து புறப்பட்டவர்களுக்குப் புது நாடு என்ன ஆபரணத்தைச் சூட்டியது?

கழுத்தில் தொங்கிய தகரம்

அது சூட்டிய முதல் ஆபரணம் தகரம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகர வில்லையொன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. அதனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர்கள் மலைக்குச் சென்றனர். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்பதை அந்தத் தகரம் கூறும். பெயர் கூறாது, ஊர் கூறாது, எண்ணை மட்டுமே கூறும். சரக்குப் பெட்டிக்கு முத்திரை எதுவோ, மனிதனுக்கு அத்தகரம் அது.

மலையை அடைந்ததும் காகிதத் துண்டு காத்திருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன்மீதுள்ள கடன் எவ்வளவு என்று குறிக்கும் 'துண்டு' எழுதப்படும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டினால் ஆளை விடுவிப்பார்கள். கங்காணியின் கையில் துண்டு இருக்கும் வரையில் தொழிலாளியின் கால் அவனுடையதன்று. பட்ட கடனோ வளர்ந்துகொண்டே போகும். பயணச் செலவு கடன், அரிசி கடன், மலைக்குளிருக்குப் போர்த்த கம்பளியும் கடன். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் துண்டை ஒழித்ததே தவிர, கடனை ஒழிக்கவில்லை.

1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஏற்றுமதித் தேயிலையின் தரம் கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்களைச் சார்ந்திருந்தது. ஆயினும் அந்த விரல்களின் விலை ஆணின் கைகளைவிடப் பதினொரு சதம் குறைவு. தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி கிடைத்தது 1984ஆம் ஆண்டில். இடையிலே கழிந்தவை 55 ஆண்டுகள்.

இதே காலத்தில்தான் அவளுடைய உருவம் உலகெங்கும் பரவியது. கொழும்பின் ஒளிப்பட நிலையங்கள் அச்சிட்ட தபாலட்டைகளிலும், 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய லிப்டன் போன்ற கம்பெனிகளின் விளம்பரங்களிலும் தமிழ்ப் பெண் மூக்குத்தியும் காதணியும் வளையலும் மின்ன நின்றாள். தேநீர் அருந்தும் ஐரோப்பியனின் கண்ணுக்கு அவள் ஓர் அலங்காரப் பொருள். படத்தில் உள்ள நகையைப் பார்த்து அவள் செழிப்பாக வாழ்கிறாள் என்று அவன் மகிழ்ந்திருக்கவும் கூடும். நகையே அவளுடைய வங்கி என்பதையும், நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் அது அடகுக் கடைக்குப் போய்வரும் என்பதையும் தபாலட்டை கூறவில்லை. மலைமேல் ஏறும்போது அவளுடைய தலையில் இருப்பது பூவன்று. முதுகுக் கூடையைத் தாங்கும் கயிறு. பூ இருக்க வேண்டிய இடத்தில் கயிறு அழுந்தியிருக்கும் வாழ்க்கை அது.

ஆனால் கழுத்தில் தகரம் தொங்கியவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டங்கள்தோறும் சென்று பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரை எழுப்பினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்கான போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். மலையகத்தில் சங்கம் என்பது இரத்தத்தில் நனைந்து எழுந்த சொல்.

நோட்டன் பிரிட்ஜின் மின்சாரமும் கட்டுநாயக்கவின் ஊசியும்

தேயிலையிலிருந்து துணிக்கு வரலாறு எவ்வாறு திரும்பியது? அத்திருப்பத்தை விளங்கிக்கொள்ள நோட்டன் பிரிட்ஜைவிடச் சிறந்த இடமில்லை.

கெஹல்கமு ஓயாவின் நீரை மின்சாரமாக்கலாம் என்று கனவு கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் அதற்கான திட்டத்தை வைத்தார். அந்நிய ஆட்சியினர் பல்லாண்டுகள் அதனைக் கிடப்பில் போட்டனர். இறுதியில் 1950 டிசம்பரில், நோட்டன் பிரிட்ஜில் கட்டப்பட்ட அணையின் நீரைக் கொண்டு இலக்சபான மின்நிலையம் 25 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது. 1965இல் நோட்டன் பிரிட்ஜிலேயே விமலசுரேந்திர மின்நிலையமும் எழுந்தது. நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமான இச்சாதனையைப் போற்றாதார் இல்லை.

எனினும் ஆண்டுகளைச் சற்று அருகருகே வைத்துப் பார்ப்போம். அணை எழுந்தது 1950இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அணையைச் சுற்றியிருந்த தோட்டங்களின் மக்களை நாடற்றவர் ஆக்கியது. இரண்டாவது மின்நிலையம் எழுந்தது 1965இல். அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்கப்படும் என்று விடப்பட்டது. மனிதர்களும் இங்கே துண்டு போடப்பட்டனர். நோட்டன் பிரிட்ஜில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்கு ஓடியது; அக்கம்பிகளின் கீழிருந்த லயங்களோ பல பதிற்றாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே காலம் கழித்தன. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

1977இல் பொருளாதாரக் கதவுகள் திறந்துவிடப்பட்டன. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1986இல் பியகம, 1991இல் கொக்கல என்று வலயங்கள் பெருகின. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமப்புறங்களில் நிறுவும் திட்டம் வந்தது. செல்வந்த நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக விதித்திருந்த பங்கீட்டு முறை இலங்கைக்கு வாய்ப்பாக அமைந்தது. நூற்றாண்டுக் காலம் ஏற்றுமதியின் அரசியாக வீற்றிருந்த தேயிலையை ஆடை முந்தியது. 2005இல் அப்பங்கீட்டு முறை முடிவுற்றபின் போட்டி கடுமையாயிற்று. தையல் இயந்திரங்களின் வேகம் கூடியது. ஒவ்வொரு மணிக்கும் இத்தனை உருப்படி என்ற இலக்கும் கூடியது.

அந்த இயந்திரங்களின் முன் அமர்ந்தவர்கள் மிகப் பெரும்பாலும் இளம் பெண்கள். முதலில் தென்னிலங்கைக் கிராமத்துச் சிங்களப் பெண்கள். பின்னர் மலையகத்துத் தமிழ்ப் பெண்களும் வந்தனர். பாட்டியின் விரல் கொழுந்தைக் கிள்ளியது. பேத்தியின் விரல் காலரை மடித்துத் தைக்கிறது. கிலோக் கணக்கு உருப்படிக் கணக்காக மாறியது. கங்காணியின் இடத்தில் மேற்பார்வையாளர் நிற்கிறார். 2011 மே 30இல் தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் திரண்ட தொழிலாளர்மீது பொலீஸார் சுட்டனர். காயமுற்ற ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிர் நீத்தார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. 1940இல் தேயிலைக்கு ஒரு கோவிந்தன். 2011இல் ஆடைக்கு ஒரு ரொஷேன் சானக்க. ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். குண்டு அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

இத்தொழிற்சாலையின் வெட்டு மேசையில்தான் நமது மூன்றாவது துண்டு பிறக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து வடிவம் வெட்டும்போது, அதில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை கழிவாகப் போவது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அக்கழிவு எடைபோட்டு விற்கப்படுகிறது. கால்மிதியாகிறது, தலையணைப் பஞ்சாகிறது, பல இடங்களில் எரிந்து புகையாகிறது. அதில் ஒரு கைப்பிடி, தையல் கடைகளின் மிச்சத்தோடும் வீட்டுத் தையலின் மிச்சத்தோடும் சேர்ந்து, பூவாகிறது. அமெரிக்க நகரத்துப் பெண் அணியும் சட்டையின் ஓரம் மலையகத்துச் சிறுமியின் பின்னலில் மலர்ந்திருக்கலாம். முழுத் துணி கடல் கடந்தது, துண்டு மலையேறியது.

மலிவுப் பூவின் விலை

இவ்விடத்தில் ஒரு வாதத்தை நாம் எதிர்கொள்ள வேண்டும். "கழிவிலிருந்து செல்வம் பிறக்கிறதே! பெண்கள் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாமே! தோட்டத்துப் பெண்களுக்கு இதனைக் கற்றுக்கொடுத்தால் வறுமை தீராதா?" என்று நல்லெண்ணம் கொண்ட பலர் கேட்கின்றனர். சுயதொழில் பயிற்சி என்ற பெயரில் வகுப்புகளும் நடைபெறுகின்றன. கற்றுக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டிலிருந்து செய்யும் பூ யாருக்கு வாழ்வளித்தது என்பதை உலக வரலாற்றிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ், இலண்டன், நியூயார்க் நகரங்களில் துணிப்பூ பெருந்தொழிலாக வளர்ந்தது. சீமாட்டிகளின் தொப்பிகளில் பூத்த அப்பூக்களைச் செய்தவர்கள் ஏழைப் பெண்கள். 1861 நவம்பரில் இலண்டனில் மட்டில்டா ஷ்யூரர் என்ற 19 வயதுப் பெண் மாண்டாள். துணி இலைகளுக்குப் பசுமை ஊட்டும் பொடியைத் தூவுவது அவளுடைய வேலை. அந்தப் பச்சைப் பொடியில் இருந்தது பாஷாணம். அவளுடைய கண்ணின் வெண்மையே பசுமையாக மாறியதாக அக்காலத்து ஏடுகள் எழுதின. அதன் பின்னரே இலண்டன் சீமாட்டிகள் தம் தலைப்பூவைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினர்.

நியூயார்க்கில் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் இருண்ட வாடகை அறைகளில் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து இரவு பகலாகப் பூக்கட்டின. 144 பூக்கள் கொண்ட ஒரு குரோசுக்கு இத்தனை சதம் என்பது கணக்கு. வீட்டு வேலைதானே என்று குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். குழந்தைத் தொழிலை எதிர்த்த இயக்கத்துக்காக லூயிஸ் ஹைன் அக்காட்சிகளைப் படம் பிடித்தார். மேரி வான் கிளீக் என்ற ஆராய்ச்சியாளர் அத்தொழிலை ஆராய்ந்து 1913இல் நூலாக வெளியிட்டார். தொழிற்சாலையில் சட்டம் நுழைந்தால் வேலையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது முதலாளிக்கு எளிது. வீட்டுக்குள் வேலை நேரம் இல்லை, மேற்பார்வை இல்லை, சங்கம் இல்லை. வாடகையும் விளக்கெண்ணெயும் ஊசியும் தொழிலாளியின் செலவு. பூவின் மலிவுக்குக் காரணம் துணியின் மலிவு அன்று. அதைச் செய்தவளின் நேரத்துக்கு யாரும் விலை கொடுக்காமையே.

மலையகத்துப் பெண் காலை பெரட்டுக்கு முன்பே எழுந்து சமைக்கிறாள். பகல் முழுவதும் மலையில் நிற்கிறாள். மாலையில் விறகும் தண்ணீரும் அவள் பொறுப்பு. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்வதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கூலி போதாது என்று கேட்பவளிடம் கூலிக்குப் பதிலாக ஊசியைக் கொடுத்து, "இரவில் பூச்செய்து பிழைத்துக்கொள்" என்று கூறுவது உதவியாகுமா? அவளிடம் எஞ்சியிருக்கும் ஒரே சொத்தான உறக்கத்தையும் விலைபேசுவதாகவே அது முடியும்.

அகமதாபாத்தின் பாடம்

ஆயினும் வரலாறு துயரத்தை மட்டும் கற்பிப்பதில்லை. துணித் துண்டை நம்பி வாழ்ந்த பெண்கள் வழிகண்ட வரலாறும் உண்டு.

பஞ்சாலைகள் நிறைந்த அகமதாபாத்தில் ஆலைகளின் வெட்டுத் துண்டுகளுக்குச் 'சிந்தி' என்று பெயர். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் வியாபாரிகளிடம் சிந்தியை வாங்கி வந்து, வீட்டிலிருந்தபடியே துண்டுகளை இணைத்து, மெத்தை உறை தைத்துக் கொடுத்து, உருப்படிக்கு இத்தனை என்று கூலி பெற்றனர். கூலி மிகச் சொற்பம். இயந்திர வாடகையும் நூலும் அதிலேயே அடங்கும். 1972இல் இலா பட் நிறுவிய சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கம் 1970களின் பிற்பகுதியில் இப்பெண்களை ஒன்றுதிரட்டியது. கூலி உயர்வு கேட்டபோது வியாபாரிகள் சிந்தி கொடுப்பதையே நிறுத்தினர். வழக்கமாகக் கதை இத்துடன் முடிந்துவிடும், இங்கே முடியவில்லை. சங்கம் நேராக ஆலைகளையே அணுகித் துண்டுகளைப் பெற்றது. பெண்கள் தம்முடைய கடையைத் தாமே திறந்தனர். 'சபீனா' என்ற கூட்டுறவுச் சங்கம் அதிலிருந்து உருவாயிற்று.

இதில் மாறியது என்ன? துணி மாறவில்லை, தையல் மாறவில்லை, கை மாறவில்லை. துண்டு யாருடையது, விலையை யார் தீர்மானிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகளே மாறின. தனித்தனி வீட்டில் தனித்தனி ஊசியாக இருந்தவர்கள் ஒரே சங்கத்தின் உறுப்பினரானபோது அவர்கள் செய்த பொருளுக்கு விலை பிறந்தது. அவர்களுக்கும் மதிப்புப் பிறந்தது. இத்தகைய இயக்கங்களின் நீண்ட முயற்சியால் 1996இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வீட்டுவேலை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் உழைப்பவரும் தொழிலாளரே என்பதை உலகம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.

மலையகத்துக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். தோட்டத்தில் சங்கம் கட்டிய மரபு இங்கே உண்டு. ஆடைத் தொழிற்சாலையின் உட்புறத்தை அறிந்து திரும்பிய பெண்களும் இங்கே உள்ளனர். எடையளந்து விற்கப்படும் துண்டுகளைத் தொழிலாளர் கூட்டுறவே நேராகப் பெறக்கூடாதா? ஒரு பூவுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, அந்நிமிடங்களுக்கு நியாயமான கூலி சேர்த்து விலை குறிக்கக்கூடாதா? கற்பனைக்கு எட்டாத கோரிக்கைகள் அல்ல இவை. பூச்செய்யக் கற்பிக்கும் ஆசிரியை அதே வகுப்பில் இந்தக் கணக்கையும் கற்பிப்பாளாக. அப்பொழுது ஊசி பிச்சைப் பாத்திரமாக இராது, கருவியாக இருக்கும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. விற்பதற்காக மட்டுமே அவள் பூச்செய்ய வேண்டும் என்று நாம் கட்டளையிடுவதும் ஒருவகை ஆதிக்கமே. தன் மகளின் பின்னலுக்காக, மாரியம்மன் திருவிழாவுக்காக, தோழியின் மங்கல நாளுக்காக, ஒன்றுமில்லாவிடினும் தன் கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காகவே அவள் செய்யும் பூவும் வரலாற்றுச் சிறப்புடையது. அவளுடைய மூதாதையரிற் பலருக்குப் பூ மறுக்கப்பட்ட ஊர் உண்டு. அவளுடைய பாட்டன் கழுத்தில் தகரம் தொங்கிய காலம் உண்டு. அந்த மரபில் வந்தவள் தானே தேர்ந்த நிறத்தில், தானே வெட்டிய இதழில், தனக்கென்று ஓர் அணியைச் செய்து சூடிக்கொள்ளும்போது, எண் பொறித்த தகரத்துக்கு அவள் விடை கூறுகிறாள்.

மலையகத்தின் வரலாற்றை எழுதும் ஆசிரியர்களும் மாணவர்களும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் மட்டும் தொகுத்தால் போதாது. லயத்துப் பெட்டிகளில் உறங்கும் பழைய துணிகளையும், அடகுச் சீட்டுகளையும், துணிப் பூக்களையும் கேட்டறிந்து பதிவு செய்ய வேண்டும். அவற்றின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு காலம் இருக்கிறது.

பூவைப் போற்றுவோம், பூவைக் காட்டிக் கூலியை மறக்கச் செய்யும் ஏற்பாட்டைப் போற்றோம். மிச்சத் துண்டில் இத்தனை அழகைப் படைக்கத் தெரிந்த கைகளிடம் முழுத் துணியும் வந்து சேரும் நாளே நமது குறிக்கோள்.